புள்ளடி

குருக்கள்மடத் துறையில் பாதைக்குக் காத்து நின்றோம்.
பாதை என்றால் நடந்து போவது என்று
அகராதியில் படித்து வந்தவள்,
ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு
இரும்புத் தட்டொன்று வாவியில் மிதந்து வர
"இதுவா பாதை?" என்றாள்.
இதுதான், ஐனோ. ஏறு.

நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு எனக்கு,
மொழிபெயர்க்க. மதியச் சாப்பாடு என் கணக்கு.
அவளுக்குச் சம்பளமே இல்லை.
பின்லாந்திலிருந்து மூன்று மாதப் பயிற்சி,
முடிவில் ஒரு கடிதம்.
அவள் கோப்பின் மேல் எழுதியிருந்த சொல்லை
அலுவலகத்தில் வலுவூட்டல் என்பேன்.
அக்கரையில் இறங்கியதும் அது
"உங்கட கையில என்ன இரிக்கு எண்டு
கேக்க வந்திரிக்கா" என்றாகிவிடும்.

அம்பிளாந்துறையில் நேசமலர்
முற்றத்தில் நெல் காயப் போட்டிருந்தாள்,
கோழி கலைக்கும் தடி மடியில்.

கேள்வி ஏழு: வீடு யாருடைய பெயரில்?
"என்ட பேரிலதான்.
எங்கட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே."
ஐனோவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.
தன் ஊரில் இதற்குச் சட்டம் வேண்டியிருந்ததாம்.
ஆம் என்ற கட்டத்துக்குள்
தாள் கிழியும்படி ஒரு புள்ளடி.

கூரை எந்த ஊர்க் குளியலறைகளைக் கழுவி வந்தது,
படிவத்தில் இல்லை.
உறுதி இப்போது
செங்கலடிக் கடன் கொம்பனியின் இரும்பலுமாரிக்குள்.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
கேட்டதை மட்டும் மொழிபெயர்க்கவும் என்று
என் ஒப்பந்தத்தில் மூன்றாவது வரி.

கேள்வி பன்னிரண்டில் நேசமலர் குறுக்கிட்டாள்.
"இந்தப் புள்ளைக்கு எவ்வளவு சம்பளம்?"
இல்லை என்றேன்.
"சும்மாவா?"
டிக்கெட்டும் தன் காசு, நுளம்பு வலையும் தன் காசு என்றேன்.
தடி உருண்டது. இரண்டு கோழி நெல்லுக்குள்.
"அடி மளே,
ஏஜென்சிக்காரன் ஏமாத்திப் போட்டானேகா!"

ஐனோ என் வாயைப் பார்த்தாள்.
நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் அடுத்தது வந்தது,
வேலிக்கு அங்கால் கேட்டுவிடக் கூடாத குரலில்:
"பாஸ்போட் ஆரிட்ட இரிக்கு? கேளு."

கேட்டேன். தோள்பையைத் தட்டினாள்.
"எடுத்துக் காட்டச் சொல்லு."
சிவப்பு அட்டை. மூலை இன்னும் கூராய்.
நேசமலர் அதைத் தொடவில்லை.
றியாத்தில் ஒன்பது வருசம்;
தன்னுடையதை அவள் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறாள்,
வாங்கிக்கொண்ட அன்று,
திருப்பி எறிந்த அன்று.

"ஆரிட்டயும் குடுக்காத.
வீட்டுக்காரி கேட்டாலும் குடுக்காத.
நல்ல மனிசர் கேட்டா
கட்டாயம் குடுக்காத.
படுக்கக்குள்ள தலகாணிக்குக் கீழ வை."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.
அன்றைக்கு நான் செய்த முழு வேலை அது.

ஐனோ ஒன்றும் எழுதவில்லை.
பேனா மூடியைக் கடித்தபடி
தாள்களைப் பின்னுக்குப் புரட்டி
ஏழாம் கேள்வியில் நின்றாள்.
புள்ளடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு என்னிடம்:
"வீட்டு உறுதி யாரிடம் இருக்கிறது என்று கேள்."

நேசமலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்,
நீயா சொன்னாய் என்பது போல.
நான் இல்லை என்று தலையாட்டினேன்.
"சொன்னா என்ன,
இவ கட்டுவாவா என்ட கடன?"
அதையும் மொழிபெயர்த்தேன்.
ஐனோவுக்குக் காது சிவந்தது.
இல்லை, என்னால் முடியாது என்றாள்,
தமிழில், பிழையான உச்சரிப்பில், நேராய்.

"அப்ப சரி. இரிங்க, சொல்றன்"
என்று நேசமலர்
ஒரு பாயை உதறி விரித்தாள்.

கடைசிப் பாதை ஆறு மணிக்கு.
ஆறு மணி வாவிக்கு மேலால் போனது.
நெல்லைக் கோழிகள் மூலைக்கு மூலை கிண்டின.
ஒருவரும் எழும்பவில்லை.